சாந்துப் பொட்டும் வாளியும்

குளியலறைக் கதவு திறந்தே கிடந்தது. தவழ்ந்து வந்த குழந்தையின் கன்னத்தில் திருஷ்டிக்கு வைத்த கறுப்புச் சாந்துப் பொட்டைப் பார்த்ததும் வாளி பதறியது.

"பொட்டே, இவனை இந்தப் பக்கம் வர விடாதே. குழாயில் தண்ணீர் வந்ததென்று என்னை விளிம்புவரை நிரப்பி வைத்திருக்கிறார்கள்."

பொட்டு சிரித்தது. "எத்தனை பேர் கண்ணைத் தடுத்திருக்கிறேன் தெரியுமா? நான் இருக்கும்வரை இவனுக்கு ஒன்றும் ஆகாது."

"என்னிடம் கண் இல்லை, தண்ணீர்தான் இருக்கிறது. ஐயோ, யாராவது என்னைக் கவிழ்த்துவிடுங்களேன்!"

வாளி கத்தினால் யாருக்குக் கேட்கும்? குழந்தை விளிம்பைப் பிடித்து எழுந்தது. தண்ணீரில் தெரிந்த முகத்தைத் தொடக் குனிந்தது. தலை கனத்து, கால் தரையை விட்டது.

பொட்டு மெல்லக் கரைந்தது.

அடுப்படியிலிருந்து அம்மா பொற்கொடி ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

துக்கத்துக்கு வந்த பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். "எந்தப் பாவி கண்ணு பட்டுச்சோ! பொட்டை இன்னும் பெருசா வெச்சிருக்கணும்டி."

அதைக் கேட்ட ஒருத்தி, தன் குழந்தையின் கன்னத்துப் பொட்டை அங்கேயே பெரிதாக்கி, அதை இடுப்பிலிருந்து தவழ இறக்கிவிட்டாள்.

வந்தவர்கள் கைகால் கழுவுவதற்காக, வாளியை யாரோ மறுபடி விளிம்புவரை நிரப்பியிருந்தார்கள்.