மழை பெய்தால் கூடும் இரைச்சல்

பெரிய கண்டன்சரை மாற்றியும் இரைச்சல் போகவில்லை.

ரிப்பேருக்கு வந்த தசரதன் டிவிக்குப் பின்னால் குந்தியிருந்தான். உள்ளே கண்ணாடி வால்வுகள் செம்மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தன. நிகழ்ச்சி தொடங்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. திரையில் வெறும் புள்ளிகள். ஸ்பீக்கரில் மட்டும் காய்ச்சல்காரன் முனகுவதுபோல் ஒரே சத்தம்.

அப்துல் ரசாக் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். தேரடித் தெருவில் வளையல் கடை வைத்திருப்பவர். மனைவி அஜ்மத் பேகத்தின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முந்தாநாள்தான் முடிந்திருந்தது. அதுவரை டிவியை யாரும் தொடவில்லை.

"பொண்ணு பேசறதே இல்ல. இதையாவது பாக்கட்டும்னுதான் உங்கள வரச் சொன்னேன்," என்றார்.

"எப்பவுமே இப்படித்தான் இரையுமா பாய்?"

"மழை பெஞ்சா ஜாஸ்தி. வெயில்ல கம்மிதான்."

தசரதனின் கை நின்றது.

கெட்டுப்போன கண்டன்சருக்கு மழையும் வெயிலும் ஒன்றுதான். இந்த டிவியில் மழை நனைக்கிற இடம் ஒன்றே ஒன்று. மெட்ராஸ் நிலையத்தைப் பிடிப்பதற்காக மொட்டைமாடியில் நட்ட முப்பதடி இரும்புக் குழாய்.

ஆன்டெனா வயரைப் பிடுங்கினான். இரைச்சல் நின்றது. திரும்பச் செருகினான். வந்தது.

டார்ச்சை அடித்துக் குனிந்தான்.

வயர் செருகும் இடத்துக்குப் பின்னால் பட்டாணி அளவில் ஒரு சின்னக் கண்டன்சர் இருக்க வேண்டும். இந்த மாதிரி டிவியைப் போட்டதும், உள்ளே இருக்கும் தகரத் தட்டில் வீட்டுக் கரண்டே வந்து நிற்கும். அது வயர் வழியாக மாடிக்கு ஏறாமல் தடுப்பது அந்தப் பட்டாணிதான்.

அதன் இடத்தில் ஒரு செப்புக் கம்பித் துண்டு பற்றவைக்கப்பட்டிருந்தது.

அஜ்மத் பேகம் மாரடைப்பில் போனாள் என்று தெருவே நம்பியது. தசரதனும் நம்பினான். அடக்கத்துக்கும் வந்திருந்தான். மழை விட்டதும் துணி எடுக்க மாடிக்குப் போனவள், கொடிக்கம்பிக்குக் கீழே கிடந்தாள். அந்தக் கம்பியின் ஒரு முனையை ஆன்டெனாக் குழாயில்தான் கட்டியிருந்தார்கள்.

மத்தியானம் பெய்த மழையில் முற்றம் இன்னும் காயவில்லை. ரசாக்கின் மகள் கைசர் ஜஹான், பன்னிரண்டு வயது, ஈரத் துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாள்.

தசரதன் பிளக்கை வயரோடு பிய்த்து இழுத்தான். நாற்காலி சாய்ந்து விழுந்தது. வால்வுகள் ஒவ்வொன்றாக மங்கின.

சத்தம் கேட்டு அந்தப் பெண் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு ஏறிப் போய்விட்டாள்.

"என்ன ஆச்சு?" ரசாக் எழுந்து நின்றிருந்தார்.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம். பையில் புதுக் கண்டன்சர் இருந்தது. வைத்துவிட்டால் இரைச்சல் போய்விடும். பாய் கையைப் பிடித்து நன்றி சொல்லுவார். யாருக்கும் எதுவும் தெரியாது.

தசரதனால் அந்தச் செப்புக் கம்பியிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

"அவங்க ஹார்ட்ல போகல பாய்," என்றான். "துணிக் கம்பியில கரண்ட் வந்திருக்கு. இதோ, இது வழியா."

ரசாக் குனிந்து பார்த்தார். அவருக்கு எதுவும் புரிந்ததாகத் தெரியவில்லை.

"இதை வச்சது நான்தான். ஆவணியில படம் சரியா தெரியலன்னு கூப்பிட்டீங்களே, அன்னிக்கு. மெட்ராஸ்லேர்ந்து பார்ட் வர்ற வரைக்கும்னு வச்சேன். பார்ட் வந்துச்சு. நான் மறந்துட்டேன்."

அடிப்பார் என்று காத்திருந்தான். அடித்தால் தேவலை என்றிருந்தது.

ரசாக் அடிக்கவில்லை. விழுந்த நாற்காலியை நிமிர்த்தி, அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாடியில் துணி உதறும் சத்தம் கேட்டது. அவர் போய்ப் படிக்கட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இத வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல பாய். இப்பதான் எனக்கே தெரியும். நீங்க போலீசுக்குப் போனாலும் நான் வந்து சொல்றேன்."

"வேணாம். எங்கேயும் சொல்லக் கூடாது. கைசர் காதுல விழவே கூடாது."

தசரதன் அவர் முகத்தைப் பார்த்தான்.

"அன்னிக்கு அவங்கம்மா மாடியில இருக்கறப்ப, கீழ டிவியப் போட்டது அவதான்."