ஒன்பது கிலோ

இதனால் சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், ஓய்வுபெற்ற துணை ஆணையர் குலசேகரன் நாளை ஐந்து நாள் மலையேற்றத்துக்குப் புறப்படுகிறார். ஆசைப்பட்டு இருவருக்கும் சேர்த்துப் பதிவு செய்த மனைவி திலகவதி சித்திரையில் கண்ணை மூடிவிட்டாள்.

"பை ஒன்பது கிலோ தாண்டினா கூட்டிட்டுப் போக மாட்டோம் சார்" என்று வழிகாட்டி கறாராகச் சொல்லியிருந்தார். குலசேகரன் பையை அணைத்தபடி எடை மெஷினில் ஏறினார். தன் எடையைக் கழித்தால் பையின் எடை; எந்த ஊருக்குக் கிளம்பினாலும் அப்படித்தான். ஆனால் தொப்பையைத் தாண்டி அவருக்கு முள் தெரியாது. திலகவதிதான் குனிந்து பார்த்து, "பை சரியாத்தான் இருக்கு, தொப்பையத்தான் இறக்கி வைக்கணும்" என்பாள்.

"எவ்வளவுடி?" என்றார், வயிற்றை எக்கிக்கொண்டு.

பிறகு இறங்கி, பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

முள் பூஜ்யத்தில் இருந்தது.