ஆள் வரவேண்டும்

"சிகரெட்ட விடுறதுக்கு மெல்லுற சுவிங்கம் ஒண்ணு இருக்காமே மிஸ், குடுப்பீங்களா?"

தலவாக்கலை டவுனில் உள்ள அந்த மருந்துக் கடையில் மழைக்கு ஒதுங்கியவர்கள் எல்லோரும் போன பிறகுதான் பேச்சியம்மா கேட்டாள். லிந்துலைப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள்.

"இருக்கு. ஆனா கேட்ட ஆளுக்கெல்லாம் குடுக்க ஏலாது அக்கா," என்றாள் மருந்தாளர் பெற்றீசியா. "அதுலயும் நிக்கோட்டின் இருக்கு. ஏற்கெனவே சிகரெட் குடிக்கிற பெரியவங்களுக்கு மட்டுந்தான். நேத்துக்கூட ஒரு பள்ளிக்கூடத்துப் பயல் கேட்டான், திருப்பி அனுப்பிட்டேன். கொஞ்சம் விசாரிக்கணும்."

"கேளுங்க."

"வீட்டுக்காரருக்குத்தானே? எந்த வயசுல பழகினாரு?"

"பதினேழுல. தேயிலச் செடி கவ்வாத்து வெட்டப் போன எடத்துல கூட்டாளிங்க பழக்கினதாம்."

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"மொதல்ல ஒண்ணுதான். இப்ப ஏழெட்டு ஆகுது."

"காலையில எந்திரிச்சதும் வேணுமா?"

"தேத்தண்ணிக்கு முன்னாடியே வேணும்."

"விட்டுப் பார்க்கலயா?"

"ரெண்டு தடவ பார்த்தாச்சு. கை நடுங்குது. சும்மா சும்மா கோவம் வருது." பேச்சியம்மா குரலைத் தாழ்த்தினாள். "மக தனுஜா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கா. லயத்துல எங்களுக்கு ஒத்த அறைதான். பச்சப்புள்ள மூச்சுல பொக போகக் கூடாது மிஸ்."

பெற்றீசியா அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்தாள். ஆனால் கொடுக்கவில்லை.

"அவரை ஒரு தடவ வரச் சொல்லுங்க. ஆளைப் பார்க்காம குடுத்தா என் லைசன்ஸ் போயிரும்."

"பக்கத்துக் கடையில தெனம் சிகரெட் வாங்குறேன். யாருக்குன்னு ஒருத்தரும் கேக்கல."

"தெரியும் அக்கா. அவங்களுக்கு ஒரு சட்டம், எங்களுக்கு ஒரு சட்டம். நான் என்ன செய்ய? அவரு வந்து அடையாள அட்டையைக் காட்டினாப் போதும்."

"அவரு வர மாட்டாரு."

"வெக்கப்படுறாரா?"

பேச்சியம்மா திரும்பி வாசலைப் பார்த்தாள். யாரும் இல்லை.

"அவரு செத்து மூணு வருஷம் ஆகுது மிஸ். சிகரெட்டுன்னா உசுரா இருந்தாரேன்னு அவரு படத்துக்கு முன்னால அந்தியில ஒண்ணு பத்த வச்சுப் படைப்பேன். நான் வாயில வச்சு இழுத்தாத்தானே அது பத்தும்."