குடும்பப் பெயர்

வெளிநாட்டில் தகவல் தொழில்நுட்ப மேற்படிப்புக்கு விண்ணப்பித்தபோது குடும்பப் பெயர் கட்டாயம் என்றார்கள். ரேணுகா தன் இனிஷியலை விரித்து, இறந்துபோன அப்பாவின் பெயரை எழுதினாள். நேர்காணலுக்கான அழைப்பு வந்தபோது அவள் குளித்துக்கொண்டிருந்தாள். போனை எடுத்த அம்மாவிடம் ஒரு வெள்ளைக்காரக் குரல் சிங்காரவேலைக் கேட்டது. அம்மா ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லாத பெயர் அது. "எக்ஸ்பயர்ட், மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அடுத்த வாரம் மின்னஞ்சல் வந்தது: விண்ணப்பதாரர் சிங்காரவேலின் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல், அந்த இடத்தை வேறொருவருக்கு அளித்துவிட்டோம். "யார்கிட்டம்மா என்ன சொல்லித் தொலைச்ச?" என்று பதிலைத் தட்டிக்கொண்டே ரேணுகா கத்தினாள். "யாரோ போன்ல அப்பாவைக் கேட்டாங்க. இல்லேன்னேன். ஏன், என்ன எழுதியிருக்காங்க?" ரேணுகா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "அப்பா போனதுக்கு வருத்தப்பட்டு எழுதியிருக்காங்க." அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அருகில் வந்து உட்கார்ந்தாள். "கூடப் பொறந்தவங்களே எட்டிப் பாக்கல. எங்கயோ இருக்கறவங்களுக்குத் தோணியிருக்கு பாரு. அவர் பேர் வர்ற எடத்தை மட்டும் படிடி, கேக்கறேன்." 'நான் உயிரோடுதான் இருக்கிறேன்' என்று பாதி தட்டியிருந்த பதிலை அழித்துவிட்டு, ரேணுகா படித்தாள்.