தகர டிரைவர்

"சத்தியம் பண்ணச் சொன்னா மாட்டேன். ரயில் நின்னே ரெண்டு மூணு வருஷமாச்சு. மனசுல இருக்கிறது நெசமா, நானா சேத்துக்கிட்டதான்னு எனக்கே சந்தேகம்," என்றாள் கல்யாணசுந்தரி.

"பரவால்லம்மா! ஞாபகம் இருக்கிறதச் சொல்லுங்க!" என்றார் வந்தவர்.

"பக்கத்துலதான நிக்கிறேன்? ஏன் இந்தக் கத்து கத்துறீங்க?"

லூர்துநாதன் சிரித்தபடி ரெக்சின் பையைத் திறந்தார். துணிச் சுற்றுக்குள் ஒரு குட்டி ரயில் இன்ஜின். மண்ணெண்ணெய் டின்னை வெட்டிப் பற்றவைத்து அவரே செய்தது. பேரளம் போகும் தண்டவாளம் அவள் கொல்லைக்குப் பின்னால் துருவேறிக் கிடந்தது. அதை ஒட்டிய வீடுகளில் எல்லாம் விசாரித்துக்கொண்டு காரைக்காலிலிருந்து வந்தவரை, எல்லோரும் இவளிடம்தான் அனுப்பினார்கள்.

காயப்போட்ட நெல்லைத் துழாவிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவள் இன்ஜினை வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அட, அப்படியே இருக்கு! உள்ள இம்புட்டு கம்பி, திருகு எல்லாம் வச்சிருக்கீங்க. இதெல்லாம் யாரு சொன்னா?"

"அதெல்லாம் தெரியும்மா. வெளியேருந்து பாத்தா எப்படின்னுதான் தெரியல. அதுவும் சாயங்கால வண்டி. போட்டோ தேடினேன், கிடைக்கல."

"கொடியில வெள்ளைத் துணி போட்டா அதோட புகைதான் கறுப்பாக்கும். ஏசிக்கிட்டே ஓடிப்போய்ப் பாப்பேன். ஆமா, யாரு இது? வயித்துவலிக்காரனாட்டம்?"

இன்ஜின் கூண்டுக்குள் ஒரு தகர மனிதன் முதுகு வளைந்து, தலை தொங்கி உட்கார்ந்திருந்தான்.

"டிரைவரும்மா." அவர் குரல் முதல்முறையாகத் தணிந்தது. "கரி, அனல், வேர்வை. அந்த வேலையில அப்படித்தான இருந்திருப்பாரு? இந்த ஆளுதான் எனக்குப் பிடிபடவே இல்ல. இது சரியில்லன்னா செஞ்சதெல்லாம் வீண்."

"நீங்க அவரப் பாத்திருக்கீங்களா?"

"இல்ல."

"அப்பக் கேளுங்க. இதுக்கு மட்டும் சத்தியமே பண்ணுவேன். மூஞ்சி பூராக் கரி, ஆளு யாருன்னு தெரியாது. ஆனா குனிஞ்சு ஒரு நாள் பாத்ததில்ல. தலையில செவப்புத் துண்டு. கம்பியப் புடிச்சுக்கிட்டு, பாதி உடம்பு வெளிய, நெஞ்ச நிமித்திக்கிட்டு, குதிரை மேல வர்ற ஐயனாராட்டம் வருவாரு. கொஞ்சம் தலைக்கனம் புடிச்ச ஆளு."

"தலைக்கனமா?"

"இருக்காதா பின்ன? வயல்ல நாத்து நட்டுக்கிட்டு நிக்கிற பொம்பளைங்க அத்தன பேரும் நிமிந்து பாப்போம். எங்களுக்கு இடுப்பு நிமிர்றதே அப்பத்தான்."

அவள் இரண்டு விரலால் தகர மனிதனை வெளியே எடுத்தாள். வளைந்த முதுகை நிமிர்த்தினாள். ஒரு கையை இழுத்துக் கூண்டின் கம்பியில் மாட்டி, உடம்பைப் பாதி வெளியே நிறுத்தினாள். முந்தானை ஓரத்திலிருந்து சிவப்பு நூல் ஒன்றை உருவித் தலையில் சுற்றினாள்.

"இப்பப் பாருங்க. இவருதான்."

லூர்துநாதன் பார்த்தார். நெல்லில் காக்கை இறங்கியது. அவள் அதை விரட்டவில்லை.

"ஏங்க, உங்களுக்கு வேண்டியவரா அவரு?"

அவர் தலையை மட்டும் அசைத்தார். இன்ஜினைப் பையில் வைக்காமல், இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடந்தார்.

பிறகு தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். நிஜ இன்ஜின் பழைய இரும்போடு போனது. கல்யாணசுந்தரி மகளோடு திருவாரூர் பக்கம் போய்விட்டாள். தகர மனிதன் காரைக்காலில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறான். சாயங்கால வண்டியைக் காலமெல்லாம் உள்ளே நின்று ஓட்டிய லூர்துநாதன், வருகிறவர்களிடமெல்லாம் அவனைக் காட்டி, பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி சொல்கிறார்: "நாந்தான்!"