அந்தம்மாவின் கம்ப்யூட்டர்

எதையும் சோதித்துப் பார்க்காமல் வாங்கும் வழக்கம் மேனேஜருக்குக் கிடையாது.

"உங்க பேக்கப் சாஃப்ட்வேர் நல்லதுன்னு வாயால சொன்னா போதுமா தம்பி? ஒரு கம்ப்யூட்டரை மொத்தமா அழிச்சுட்டு, எல்லாத்தையும் திரும்பக் கொண்டு வாங்க, பாக்கலாம்."

விற்க வந்தவன் பையைத் திறந்தான். "சரி சார். உங்க கம்ப்யூட்டர்லயே பண்ணட்டுமா?"

"என்னோடதுலயா? விளையாடுறீங்களா? அதுல எவ்வளவு முக்கியமானதெல்லாம் இருக்கு!" மேனேஜரின் கண் அறையைச் சுற்றி வந்து, கணக்குப் பிரிவு அம்மாவின் காலி நாற்காலியில் நின்றது. "அந்தம்மா இன்னிக்கு லீவு. அதுல பண்ணுங்க."

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

நகல் எடுத்தாயிற்று. அழித்தும் ஆயிற்று. அழிந்ததுதான் திரும்பி வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. விற்க வந்தவனுக்கு வியர்த்துக் கொட்டியது.

"விடுங்க தம்பி. இந்தச் சாஃப்ட்வேர் வேணாம்னு தெரிஞ்சுபோச்சுல்ல?" மேனேஜர் பெருந்தன்மையாகச் சிரித்துவிட்டு, அந்தம்மாவுக்குப் போன் போட்டார்.

"ஒரு சின்ன சோதனை பண்ணோம்மா. உங்க கம்ப்யூட்டர்ல இருந்ததெல்லாம் போயிடுச்சு. மனசைத் தேத்திக்கோங்க."

"எனக்கென்ன சார்? என் வேலையை நேத்தே முடிச்சு, பிரிண்ட் எடுத்து, முதலாளிகிட்ட குடுத்துட்டேன்."

"அப்பாடா! அப்போ அதுல ஒண்ணுமே இல்லையா?"

"உங்களுதுதான் சார் இருந்துச்சு. என் தலையில கட்டினீங்களே, நாளைக்கு முதலாளி முன்னால நீங்க எழுதினதாப் படிக்கப் போற அறிக்கை!"

மேனேஜர் மெல்லத் தன் மேசைப் பக்கம் திரும்பினார்.

அவருடைய கம்ப்யூட்டரில், பாதி ஆடிய சீட்டாட்டம் பத்திரமாக இருந்தது.