இருமிவிட்டுப் பேசவும்

"முதல்ல நல்லா இருமு. அப்புறம் பேசு. மலை ஊர்ப் பெரியவர் மாதிரி இருக்கணும்" என்றார் தொலைத்தொடர்புத் துறை இயக்குநர்.

"சரி சார். என்ன பேசணும்?" என்றான் அவருடைய டிரைவர்.

"'போன் வந்துடுச்சு, ரொம்ப நன்றிம்மா'. அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசின, தொலைச்சுடுவேன்."

"சார், அந்த லீவு..."

"முதல்ல இது முடியட்டும்யா!"

தபால், தொலைத்தொடர்பு அமைச்சகத்தின் விழா. மலை மேல் நட்ட புது டவர் வழியாக அமைச்சர் அம்மா மேடையிலிருந்து அந்த ஊர்ப் பெரியவருக்கு முதல் அழைப்பு விடுக்கப் போகிறார். டவரோ நட்ட நாள் முதல் குத்துக்கல்லாட்டம் சும்மா நிற்கிறது. அதனால் இயக்குநர் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். மலையில் லைன் கிடைக்காவிட்டால், அழைப்பு தானாக டிரைவரின் செல்போனுக்கு வந்துவிடும். செயலாளர் பதவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, ஒரு டவரை நம்பி அதைக் கோட்டை விட அவர் என்ன ஏமாளியா?

டிரைவரைப் பின்னறையில் உட்கார வைத்து, சத்தம் போகாமல் கதவை இறுகச் சாத்திவிட்டு மேடைக்கு ஓடினார்.

அமைச்சர் எண்களை அழுத்தினார். மணி அடித்தது. ஒலிபெருக்கியில் ஓர் இருமல் கேட்டது. பயல் பிரமாதமாக இருமுகிறான் என்று இயக்குநர் மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

"பெரியவரே, நல்லா கேக்குதா?"

"கேக்குதும்மா. போன் வந்துடுச்சு, ரொம்ப நன்றி. ஆனா ஒண்ணு சொல்லணும்..."

இயக்குநர் பின்னறைப் பக்கம் திரும்பி முறைத்தார்.

"தபால் பெட்டி துருப்பிடிச்சுக் கிடக்குது. டவரைப் பாக்க வந்த அதிகாரி அடிவாரத்தோட திரும்பிட்டாரு. கார் கண்ணாடியைக்கூட இறக்கலைம்மா."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அன்றைக்குக் காரில் இருந்தது இரண்டே பேர், இயக்குநரும் டிரைவரும். லீவு தராத வயிற்றெரிச்சலை இப்படியா தீர்த்துக்கொள்வான், படுபாவி!

"கவலைப்படாதீங்க பெரியவரே" என்றார் அமைச்சர். "அவர் இங்கதான் நிக்கிறார். நாளைக்கே மலை ஏறி வருவார். ஒரு மாசம் உங்க ஊர்லயே தங்கி எல்லாத்தையும் சரி பண்ணிட்டுத்தான் இறங்குவார்!"

கைதட்டல் அடங்குவதற்குள் இயக்குநர் பின்னறைக்குப் பாய்ந்தார்.

"கூடவே இருந்து குழி பறிச்சுட்டியேய்யா!"

டிரைவர் திடுக்கிட்டு எழுந்தான். ஒரு கையில் வெந்நீர் டம்ளர், மறு கையில் செல்போன்.

"என்ன சார் ஆச்சு? இருமிப் பழகியே தொண்டை கட்டிக்கிச்சு. அம்மா இன்னும் கூப்பிடவே இல்லையே!"